வரிக்கு ஒரு மூச்சு

அன்னெக்ரேட் அப்பாவின் வலது கால் கட்டைவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். வெந்நீரில் ஊறவைத்தும் நகம் இளகவில்லை. நாற்பத்தோரு வருடம் கோயில் ஆர்கனின் கால்கட்டைகளை மிதித்த பாதம் அது. படுக்கையில் விழுந்து மூன்று மாதமாகியும் போர்வைக்குள் சும்மா இருந்ததில்லை.

“அடக்கத்துக்கு நீ வாசிக்க வேணாம்,” என்றார் ரைன்ஹோல்ட். “கீழ அம்மா பக்கத்துல உக்காந்துக்கோ.”

“இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு?”

“இப்ப பேசாம? செத்த பிறகு வந்து பேசுவேனா?”

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அவள் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தூக்கி மார்போடு சாய்த்துக்கொண்டாள்.  அவர் வேண்டாம் என்றதன் காரணம் தனக்குத் தெரியும் என்றே நினைத்தாள்.

அவர்களுடைய ஜெர்மானிய மலையூரில் ஞானப்பாட்டு பாடுகிற விதமே தனி. ஒவ்வொரு வரி முடிந்ததும் ரைன்ஹோல்ட் ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஒரு மூச்சை ஆற அமர இழுத்து முடிக்கும் வரை கோயிலில் சத்தமே இருக்காது. அப்புறம்தான் அடுத்த வரி. நீங்கள் ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் நாங்கள் ஆராதனை முடிந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவோம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ரைன்ஹோல்ட் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு ஈஸ்டர். அப்பாவின் மணிக்கட்டு வீங்கியிருந்ததால், லைப்சிக் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அன்னெக்ரேட் கோயில் மாடியில் ஆர்கன் முன்னால் அவருக்குப் பதிலாக உட்கார்ந்தாள். எங்கும் நிற்காமல், கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி வாசித்தாள். சபை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. “எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற ரயில் மாதிரி எதுக்குப்பா வாசிக்கிறீங்க?” என்று மதியச் சாப்பாட்டில் கேட்டுவிட்டாள். அவர் உருளைக்கிழங்கு உருண்டையை இரண்டாகப் பிட்டார்.

“நல்லா வாசிச்சே. ஆனா தனியா வாசிச்சே.”

அவ்வளவுதான். அதன்பிறகு அவர் அவளை மாடிக்கு வாசிக்கக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்று லைப்சிக்கின் பெரிய கோயில் ஒன்றில் அவள்தான் ஆர்கன் வாசிக்கிறாள். கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அப்பா ஒரே ஒருமுறை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். நல்ல ஆர்கன் என்று சொல்லிவிட்டு மாலை ரயிலைப் பிடித்தார். வாசித்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நகம் வெட்டிக்கொண்டிருந்த அன்றே, மூன்று மணிக்கு, அவர் உயிர் போய்விட்டது. அம்மா லீஸ்பெத் பார்லி காப்பித் தட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். எப்போதும் போல பாதிப் படியில் நின்று இளைப்பாறிவிட்டு அவள் மேலே வந்தபோது அன்னெக்ரேட் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா பார்த்தாள். தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“காப்பி ஆறிடும்,” என்றாள், யாரிடமோ.

அப்புறம் போர்வையை விலக்கி அவர் கால்களைப் பார்த்தாள்.

“இடது கால் வெட்டலையா?”

“இல்லம்மா. அதுக்குள்ள…”

“வெட்டிரு. அரைகுறையா அனுப்ப வேணாம்.”

அன்னெக்ரேட் வெட்டினாள். கால் இன்னும் கதகதப்பாகத்தான் இருந்தது. ஐந்து விரலையும் முடிப்பதற்குள் கண்ணீர் மறைத்து, இரண்டு முறை தன் விரலையே வெட்டிக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் கோயில்பிள்ளை ட்ரேகர் சாவு மணியை அடித்துவிட்டு வந்தார். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

“பனியில மண்ணு கல்லாட்டம் உறைஞ்சு கிடக்குது. குழி வெட்டணும்னா ரெண்டு நாள் கரி போட்டு எரிக்கணும். வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம்னு போதகர் சொன்னார். ஆர்கனுக்குக் கவலையில்ல. நம்ம பொண்ணு இருக்கு.”

“நான் வாசிக்கல,” என்றாள் அன்னெக்ரேட்.

“என்ன விளையாடுறியா? ஊருல போறவன் வர்றவனுக்கெல்லாம் வாசிக்கிறே, பெத்தவனுக்கு வாசிக்க மாட்டியா?”

“அப்பாதான் வேணாம்னாரு.”

ட்ரேகர் லீஸ்பெத்தைப் பார்த்தார். அவள் மேஜையில் சிந்தியிருந்த மாவை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கேக் சுட வேண்டுமே. ட்ரேகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாவட்டத் தலைநகரிலிருந்து ஹென்னிங் என்ற பையனை வரவழைப்பதாகச் சொல்லிப் போனார்.

“கடைசி வரைக்கும் அவர் மனசு இளகவே இல்லல்லம்மா?” என்று கேட்டாள் அன்னெக்ரேட். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. முப்பத்தொன்பது வயதில் இப்படி அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

“உங்கப்பா எங்க உக்காரச் சொன்னாரு?”

“உங்க பக்கத்துல.”

“அப்ப அங்க உக்காரு,” என்றாள் லீஸ்பெத்.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. அம்மாவின் இடம் இடப்பக்கம் நான்காவது பெஞ்சு. அன்னெக்ரேட் அங்கே உட்கார்ந்தபோது ஊர் முழுக்கத் தன்னைப் பார்ப்பது போலிருந்தது. ஏழு வயதிலிருந்து அவள் மாடியில்தான், அப்பா கண் காட்டும்போது ஆர்கனின் ஒலியை மாற்றும் குமிழ்களை இழுத்துவிட்டுக்கொண்டு. அந்த ஈஸ்டருக்குப் பிறகு ஞாயிறுகளிலும் பண்டிகைகளிலும் அவளுக்கு வேறு ஊரில் வாசிப்பு. விவரம் தெரிந்து இந்தக் கோயிலின் பாட்டைக் கீழே இருந்து அவள் கேட்டதே இல்லை.

ஹென்னிங் கெட்டிக்காரன். முன்னிசையை அழகாகவே வாசித்தான். பாட்டு தொடங்கியது. முதல் வரி முடிந்ததும் பழக்கப்பட்ட சபை மொத்தமும் நின்று மூச்சு இழுத்தது. ஆர்கன் நிற்கவில்லை. ஆட்கள் முட்டி மோதிக்கொண்டு இரண்டாவது வரியைப் பிடித்தார்கள். இரண்டாம் சரணத்துக்குள் எல்லாரும் அவன் வேகத்துக்குப் பழகிவிட்டார்கள்.

அம்மா மட்டும் பழகவில்லை.

பக்கத்தில் கேட்ட சத்தம் என்னவென்று அன்னெக்ரேட்டுக்கு முதலில் பிடிபடவில்லை. விசில் போல மெலிதாக, நீளமாக ஒரு சத்தம். போருக்குப் பிந்தைய பஞ்ச வருடத்தில் காசநோய் தின்றுபோக மிஞ்சிய ஒரே நுரையீரலால் அம்மா மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடிக்கும்போது வரி பாதி போயிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். அதையும் கால்வாசிதான் பாட முடிந்தது. மூன்றாம் சரணத்தில் பாடுவதையே விட்டுவிட்டு விரலால் பாட்டுப் புத்தகத்தின் எழுத்துகளைத் தடவிக்கொண்டு போனாள்.

அன்னெக்ரேட் திரும்பி மாடியைப் பார்த்தாள். ஆர்கனுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடி தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பீடத்தில் போதகர் காட்டும் சைகையை வாசிப்பவர் பார்க்கத்தான் எல்லாக் கோயிலிலும் அதை மாட்டுவார்கள். ஆனால் இந்தக் கோயில் கண்ணாடியில் போதகர் தெரியவே மாட்டார். அதனாலேயே அப்பா அடிக்கடி பிந்தித் தொடங்கி ஏச்சு வாங்குவார். இங்கிருந்து பார்த்தால் அதில் ஹென்னிங்கின் முகம் நேராக, முழுதாகத் தெரிந்தது. அப்படியென்றால் அங்கிருந்து பார்த்தால் இந்த பெஞ்சு தெரியும். அம்மாவின் முகம் தெரியும். அவள் மூச்சை இழுத்து முடித்துவிட்டாளா என்பதும் தெரியும்.

நாற்பத்தோரு வருடம். வரிக்கு வரி.

தனியாக வாசித்தாய் என்று அவர் சொன்னது அவளுக்கு இப்போதுதான் முழுதாகக் கேட்டது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் சரணம், கடைசிச் சரணம், தொடங்கியது. அவள் அம்மாவின் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள். முதல் வரியை இருவரும் பாடினார்கள். வரி முடிந்ததும் அன்னெக்ரேட் நின்றாள். ஆர்கன் போய்க்கொண்டிருந்தது, ஊர் போய்க்கொண்டிருந்தது. அம்மா அவளைப் பார்த்தாள். விசில் சத்தம் எழுந்து முடிந்தது. அதன்பிறகு இரண்டாவது வரி. மீண்டும் நின்றார்கள்.

அவர்கள் மூன்றாவது வரியை எடுத்தபோது கோயில் பாடி முடித்துவிட்டது. ஆர்கனும் அடங்கியது. அம்மா வெட்கப்பட்டுப் புத்தகத்தை மூடப் போனாள். அன்னெக்ரேட் அந்தக் கையை விடாமல் பாடினாள். இரண்டே குரல். முன் பெஞ்சிலிருந்து ட்ரேகர் திரும்பிப் பார்த்தார். ஜெபத்துக்கு வாயெடுத்த போதகர் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது வரி முடிந்தது. இன்னும் ஒரு வரி இருந்தது. லீஸ்பெத் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். அன்னெக்ரேட் காத்திருந்தாள்.