துலக்கிய கலம்

மேலைக் கதிரவன் உயர்ந்த சாளரங்களில் பொன்னொளி பூசி, நீண்ட நடைவழிகளில் தூண்களின் நிழல்களைக் கிடத்தி, பணி முடித்தோர் பைகளும் களைப்பும் சுமந்து வாயிலை நோக்கிச் சாரிசாரியாய்ப் பெயர்ந்துகொண்டிருந்த அந்திப்பொழுதில், அப்பல்கலைக்கழகத்தின் வேதிப்பொறியியல் துறை மட்டும் மணவீடுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. சுவர்கள் புதுச் சுண்ணம் மணக்க, தரை முகம் காட்ட, முன்கூடத்தின் நடுவே கண்ணாடிப் பேழைக்குள் இடுப்பளவு உயரமுள்ள எஃகுக் கலம் ஒன்று விளக்கொளியில் நின்றது. சிறந்த ஆய்வுக்கான பெருவிருது அன்று மாலை அத்துறைக்கு வழங்கப்படவிருந்தது; அதனை ஈட்டித் தந்த கலம் அது. கற்றறிந்த அன்பரே, மனிதரைப் பாராட்டவே நேரமில்லாத இடத்தில் ஒரு கலத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே என்று வியக்க வேண்டா. கலம் பதவி உயர்வு கேட்காது.

அக்கலத்தில் உழைத்தவர், துறையினர் எல்லாரும் 'உலையம்மா' என்றழைக்கும் பேராசிரியை. சாயப்பட்டறைகள் கழித்துவிடும் நச்சுச் செந்நீரை அதில் ஊற்றி, தாம் வடித்த சாம்பல்நிறப் பொடியைத் தூவி, சூடேற்றிக் கலக்கினால், நஞ்சு முறிந்து நீர் சுனைபோல் தெளியும் என்று காட்டியவர். புதுக்கலம் வாங்க வழியற்றிருந்த நாளில், முன்னிருந்த ஆய்வாளர் பலர் என்னென்னவோ காய்ச்சிக் கழித்துப்போட்டிருந்த பழங்கலத்தையே மூலையிலிருந்து இழுத்து வந்து, தம் இளமை முழுவதையும் அதன் முன் நின்றே செலவிட்டவர். கலத்தின் உட்சுவரில் கருஞ்செம்மையாய் ஒரு பொருக்கு அப்பிக் கிடந்தது. அதை அவர் அழுக்கென்றே எண்ணியிருந்தார்.

விருதுச் செய்தி எட்டியதும் கலத்தைக் காட்சிக்கு வைக்க முடிவாயிற்று. பேராசிரியை தம்மிடம் பட்டத்துக்காக ஐந்தாண்டாய் உழைத்துவந்த ஆய்வு மாணவியை அழைத்து, "உள்ளயும் நல்லா தேச்சு வச்சிடும்மா. வர்றவங்க எட்டிப் பாப்பாங்க" என்றார். அவளும் அமிலம் ஊற்றி ஊறவைத்து, மணலிட்டுத் தேய்த்து, விரல்நுனித் தோல் உரியுமளவு துலக்கி, கலத்தைக் கண்ணாடியாக்கினாள். பின்னர் அவளுடைய ஆய்வுக்கெனப் புதுக்கலம் வந்தது. அதே நீர், அதே பொடி, அதே சூடு. ஆயினும் செந்நீர் செந்நீராகவே கிடந்தது. ஒருமுறையன்று, ஒவ்வொருமுறையும். "உனக்குக் கை பதமா வரலம்மா" என்று சலித்துக்கொண்ட பேராசிரியை, 'செய்முறைத் திறன் போதாது' என்று ஆய்வுக்குழுவுக்கு எழுதியும் விட்டார். விழாவுக்கு மறுநாள் குழு கூடும். அச்சொற்களை ஏற்றால் அவள் பட்டமின்றி வெளியேற வேண்டியதுதான்.

விழாவுக்குச் சின்னாள் முன்பு, விருந்தினர் கண்முன் செய்துகாட்ட ஒத்திகை பார்க்கவேண்டிப் பேராசிரியை தாமே புதுக்கலத்தருகே நின்றார். நீர் தெளியவில்லை. வெப்பமானியைக் குறை கூறினார், பொடியை மாற்றினார், பேழையிலிருந்து பழங்கலத்தையே இறக்கி வந்து முயன்றார். அப்போதும் செந்நீர் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கையைப் பிசைந்தபடி குனிந்தவர் கண்ணில், பழங்கலத்தின் கலக்குந்தண்டு மேசைக்கடியில் துலக்கப்படாமல் கிடப்பது பட்டது. அதன்மேல் அதே கருஞ்செம்மைப் பொருக்கு. அதில் ஒரு நகக்கண்ணளவு சுரண்டி, பொடி எதுவும் இடாமல், குப்பியொன்றில் செந்நீரோடு சேர்த்துக் காய்ச்சினார். நீர் வெளுத்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. இத்தனை ஆண்டும் வேலை செய்தது தம் பொடியன்று, யார்யாரோ விட்டுச்சென்ற பொருக்கு என்பதும், அதைத் தேய்த்தழிக்கச் சொன்னது தம் வாயே என்பதும், மாணவியின் கையில் எக்குறையும் இல்லை என்பதும் ஒருங்கே விளங்க, அவர் அங்கிருந்த முக்காலியில் அமர்ந்து அழுதார்.

அழுகை அடங்கியதும் துறைத்தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"விருது உங்களுக்கு மட்டுமா? இந்தத் துறைக்கே வந்திருக்கு. இப்பப் போய் வாயத் தொறந்தீங்கன்னா எல்லார் தலையிலயும் மண்ணு விழும். விழா முடியட்டும். அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் எழுதிக்கலாம்."

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" என்றார் தலைவர். அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

வீட்டில், பள்ளியொன்றில் கணக்குக் கற்பிக்கும் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, "நான் என்னங்க பண்ணட்டும்?" என்று கேட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "சொல்றதுன்னு முடிவு பண்ணியிருந்தா நேரா போய்ச் சொல்லியிருப்ப. என்கிட்ட வந்து கேட்டுட்டு இருக்க மாட்ட."

அந்த மாலை வந்தது. ஒத்திகையில் ஒப்பேறாத செய்துகாட்டலை 'நேரமின்மை' என்று பூசி மெழுகியாயிற்று. அரங்கு நிறைந்திருக்க, பாராட்டுரை வாசித்தவர் பேராசிரியையின் 'எதையும் தவறவிடாத கூர்நோக்கினை' வானளாவப் புகழ்ந்தார். ஏற்புரைக்கு எழுந்தபோது, 'இது என் பொடியின் செயலன்று' என்னும் ஒற்றை வரி அவர் தொண்டை வரை வந்து நின்றது. முன்வரிசையில் துறைத்தலைவர் முறுவலித்தார். கடைவரிசையில் மாணவி, எல்லாருக்கும் முன்பே கைதட்டத் தொடங்கியிருந்தாள். பேராசிரியை எல்லாருக்கும் நன்றி கூறினார். கலத்தைத் துலக்கிய மாணவிக்கும் தனியே நன்றி கூறினார். அதற்கும் அரங்கு கைதட்டியது.

கூட்டம் கலைந்தபின், பேழையருகே அவள் காத்திருந்தாள்.

"நாளைக்குக் குழு கூடறதுக்கு முன்னாடி நானே விலகிக்கறேன், மேடம். உங்களுக்கும் சங்கடம் வேண்டாம். எனக்குக் கை வரல, அவ்வளவுதான்."

ஒரு சொல் போதும். பேராசிரியை பேழைக் கண்ணாடியில் பதிந்திருந்த விரல்தடம் ஒன்றை முந்தானையால் துடைத்தார்.

"இத மட்டும் நல்லா செஞ்சிருக்கேன்ல, மேடம்?" என்று அவள் கலத்தைக் காட்டினாள். "மேசைக்கு அடியில கலக்குற தண்டு கெடக்கு. அதத் தேய்க்க மறந்துட்டேன். போறதுக்குள்ள அதையும் தேச்சு இதுக்குள்ள வச்சிட்டுப் போயிடறேன்."

உலகில் எஞ்சியிருந்த சான்று அந்தத் தண்டின் மேல் ஒட்டியிருந்த பொருக்கு ஒன்றே. பேராசிரியை கையிலிருந்த விருதுக் கேடயத்தை இக்கையிலிருந்து அக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரிம்மா," என்றார்.

அன்பரே, தண்டும் இன்று அக்கலத்துள் பளபளவென்று நிற்கிறது. எட்டிப் பார்க்கும் எவர்க்கும் கலத்தினுள் அவரவர் முகம் தெள்ளத்தெளிவாய்த் தெரியும். எங்கோ சாயநீர் இன்றும் சிவந்தே ஓடுகிறது. அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று துறையில் கேட்டால், எந்தப் பெண் என்பார்கள். உலையம்மா நாள்தோறும் பணிக்கு வருகிறார். முன்கூடத்து வழியே வருவதில்லை. கால்வலியென்று சொல்லிக்கொண்டு, பின்புறத்துப் படிகளில் ஏறிப் போகிறார்.