பேசப் படிக்கப் போன அண்ணனும் அண்ணியும்

டாஃபோ டூஃபி என்றால் எங்கள் குமாசி நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். முகம் தெரியாது, குரல்தான் தெரியும். எந்த எஃப்.எம்.மில் எதைப் பற்றிப் பேசினாலும், நேயர்கள் அழைக்கலாம் என்று சொன்ன மறுநொடி என் அண்ணியின் அழைப்பு அங்கே போய் நிற்கும். குழாயில் தண்ணீர் வராதது, மீன் விலை ஏறியது, கல்யாணத்துக்கு முன்னால் ஆண்கள் பேசும் பேச்சு, எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு. ஒருத்தியின் தலைமுடியைப் பின்னிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசுவாள். கோபம் ஏற ஏற விரல் இறுகும். தலையைக் கொடுத்தவள், "அரசாங்கத்து மேல இருக்கிற கோவத்த என் மண்டையில காட்டாத தாயி!" என்று அலறுவாள். அந்த அலறலும் சேர்ந்தே வானொலியில் போகும்.

நான் அவளுடைய நாத்தனார், அடோமா. எல்லோரும் ஒரே வளவில்தான் குடியிருக்கிறோம். வாசலில் அவளுடைய முடி பின்னும் கடை, அதற்குப் பக்கத்தில் என் தையல் மெஷின். என் அண்ணன் ஒச்செரே டாக்சி ஓட்டுகிறான். வீட்டில் அவன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேச இடம் இருந்ததில்லை என்பதுதான் சரி.

மருந்துக்கடை மாடியில் ஒரு ஒலிபரப்புப் பயிற்சிக் கல்லூரி வந்தது. ஆறே மாதத்தில் நீங்களும் அறிவிப்பாளர் என்று போர்டு. அதில் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கை முத்தமிடுவது போல் நின்றுகொண்டிருந்தார். அண்ணி அதை ஒரு வாரம் போக வர பார்த்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"நான் அதுல சேரப் போறேன்."

அண்ணன் ஃபூஃபூ களி உருண்டையை விழுங்காமல் நிமிர்ந்தான். "எதுக்கு?"

"பேசுறதுக்கு."

"அடியே, நீ பேசுறத நிறுத்த ஒரு பள்ளிக்கூடம் இருந்தா சொல்லு, டாக்சிய வித்தாவது பணம் கட்டுறேன். பேசுறதுக்கு எவனாவது காசு குடுத்துப் படிப்பானா?"

"ரேடியோல பேசுறவன் எல்லாம் என்னை விட என்ன ஒசத்தி? நான் போன் பண்ணலேன்னா பாதிப் பேருக்கு நிகழ்ச்சியே கிடையாது. அவன் உள்ள ஏசியில ஒக்காந்திருக்கான், நான் வெளிய நின்னு கத்திட்டிருக்கேன்."

"சான்றிதழ் வாங்கினா உள்ள கூப்பிடுவானா?"

"வாங்கிப் பாத்தாத்தானே தெரியும்?"

மறுநாள் தன் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். அண்ணனுக்கு வந்ததே கோபம். "அந்தக் கல்லூரிக்காரன் கிட்ட ரெண்டு கேள்வி கேட்டுட்டு பணத்தத் திருப்பி வாங்கிட்டு வரேன், இருங்க" என்று டாக்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நானும் அண்ணியும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்த பிறகு திரும்பி வந்தான். கையில் பணம் இல்லை. நீல நிறத்தில் ஒரு ஃபைல் இருந்தது. நடையும் கொஞ்சம் மாறியிருந்தது.

"பணம் எங்க?" என்றாள் அண்ணி.

"வந்து… அந்த முதல்வர் லார்ட்டே இருக்காரே, நல்ல மனுசன். நான் போய் சத்தம் போட்டேன். அவர் கண்ண மூடிட்டு கேட்டாரு. கேட்டுட்டு, 'மிஸ்டர் ஒச்செரே, இன்னொரு தடவ சத்தம் போடுங்க'ன்னாரு. போட்டேன். 'இந்தக் குரல வச்சுக்கிட்டு டாக்சி ஓட்டுறீங்களா?'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"புருசன் பொண்டாட்டி சேந்து படிச்சா ரெண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணமாம்."

அண்ணி சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள்.

இப்படியாக இரண்டு பேரும் மாணவர்களானார்கள். கல்லூரி என்பது ஒரே ஒரு அறை. சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். மைக் ஒன்று, அதற்கு மாணவர்கள் ஒரு வரிசை. முதல் இரண்டு மாதம் ஆங்கிலத்தை மூக்கால் பேசுவது எப்படி என்பதுதான் பாடம். எங்கள் ஊரில் எல்லா ஸ்டேஷனும் ட்வி மொழியில்தான் பேசுகிறது, பிறகு இது எதற்கு என்று அண்ணி கேட்டாளாம். லார்ட்டே, "தொழில்நேர்த்தி" என்று பதில் சொன்னாராம், அதையும் மூக்கால்.

ஆனால் யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அண்ணன் செழித்தான். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் போதும், வயிற்றிலிருந்து எழும்பி வரும் குரலில் படிப்பான். காலையில் டாக்சியைக் கழுவிக்கொண்டே, "வணக்கம், செய்திகள்" என்பான். சோப்புப் பெட்டியில் எழுதியிருப்பதை அவன் படித்தால்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அண்ணியோ மைக் முன்னால் நின்றதும் மரக்கட்டையாகிவிட்டாள். முதல் முறை ஒரு வார்த்தையும் வரவில்லை. இரண்டாம் முறை தன் பெயரை மட்டும் சொன்னாள், அதையும் தப்பாக. வீட்டுக்கு வந்து என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"அடோமா, அந்தப் பக்கம் யாருமே இல்லடி. போன்ல ஒருத்தன் இருப்பான், அவன் ஏதாவது உளறுவான், நான் பிடிச்சுக்குவேன். இங்க வெறும் இரும்பு. முட்டை அட்டை. நான் யாரோட சண்ட போடுறது?"

அதற்குப் பிறகு அவள் எஃப்.எம்.களுக்குப் போன் செய்வதையும் விட்டுவிட்டாள். கடையில் முடி பின்னிக்கொள்ள வந்தவர்களின் தலை வலிக்கவே இல்லை. அது அவர்களுக்கே என்னவோ போல் இருந்தது. ஒருத்தி, "உடம்பு சரியில்லையா?" என்றுகூடக் கேட்டாள். அண்ணன் ஆறுதல் சொல்லப் போய், பழக்க தோஷத்தில் செய்தி வாசிக்கும் குரலில் சொல்லித் தொலைத்தான். "உன் மூக்கக் கழட்டி வச்சுட்டு வந்து பேசு" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்தது. இரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அண்ணன் தன்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டினான், அண்ணி தன்னுடையதைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். லார்ட்டே தனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாணவர்களை அனுப்பினார். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்த வேலை டீ வாங்கி வருவதும் விளம்பரம் பிடித்து வருவதும்தான். அண்ணனுக்கு மட்டும், குரலுக்காக, காலையில் முதல் வேலையாக மரண அறிவிப்புகள் வாசிக்கக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. சனிக்கிழமை எந்தச் சாவுக்குக் கறுப்பு உடுத்திக்கொண்டு போவது என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. கடை வாசலில் சோளக்கஞ்சி குடித்துக்கொண்டே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனின் குரல் அன்று தேனாக வழிந்தது.

"சுவாமே வட்டாரத்துப் பெரியவர், நானா பொன்சு, தமது எழுபத்தெட்டாவது வயதில் இறைவனடி சேர்ந்தார்…"

நானா என்பது எங்கள் ஊரில் பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல். நான் உச் கொட்டினேன். அண்ணி காதைச் சாய்த்தாள். விதவையின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றொன்றாக உருண்டு வந்தன. கடைசியில், "இறுதிச் சடங்குக்கு உங்கள் அனைவரையும் அன்புடன் அழைப்பவர், குடும்பத் தலைவர், நானா பொன்சு."

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "செத்தவரே தன் சாவுக்கு ஊரக் கூப்பிடுறாரா? இந்த ஆள் தன் குரலத்தான் கேட்டுட்டிருக்கான், என்ன படிக்கிறான்னு கேக்கல!"

செத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அழைப்பவர் பெயரைப் படித்துவிட்டான். பல மாதங்களாகத் தொடாத எண்ணை அண்ணி அழுத்தினாள்.

அங்கே என்ன நடந்தது என்று அண்ணன் பிறகு சொன்னான். ஸ்டேஷனில் அந்த நேரத்தில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. போனில் அழைப்புகளைக் காட்டும் விளக்குகள் எல்லாம் எரிந்தன. தப்பு என்னவென்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை. பதற்றத்தில் பாட்டுப் போட நினைத்துத் தவறான பொத்தானை அழுத்தினான். பாட்டுக்குப் பதில் அண்ணி வந்தாள்.

"யோவ் ஒச்செரே! யாரச் சாகடிச்ச?"

குமாசி முழுக்க அது கேட்டது.

"நேயரே, உங்கள் பெயர்…" என்றான் அண்ணன் வயிற்றுக் குரலில்.

"நேயரா? நேத்து உன் சட்டைக்கு இஸ்திரி போட்டவ! அந்தத் தாள மறுபடி படி. மூக்க விட்டுட்டு கண்ணால படி."

தாள் சரசரத்தது. பிறகு வயிற்றுக் குரல் போய், வீட்டுக் குரல் வந்தது. "அய்யய்யோ."

"என்ன அய்யய்யோ? செத்தது யாரு?"

"க்வாட்டெங். அவரோட அண்ணன், க்வாட்டெங்."

"அப்ப நானா பொன்சுவ எழுப்பு!"

"எப்படிடி எழுப்புறது?"

"நீதானே படுக்க வச்ச, நீயே எழுப்பு. ஆறு மாசம் படிச்சியே, சொல்லித் தரலியா?"

"நீயுந்தானே படிச்ச!"

நானும் கடைக்கு வந்த இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அதற்குள் இன்னொரு விளக்கை அண்ணன் தொட்டுவிட்டான் போல. ஒரு கிழட்டுக் குரல் நடுவில் நுழைந்தது.

"நான் பொன்சு பேசுறேன்."

இரண்டு பேரும் அடங்கினார்கள்.

"நானா, மன்னிச்சுக்கங்க…" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"சாவுறது எல்லாருக்கும் உள்ளதுதான்டா தம்பி. ஆனா எனக்கு வயசு எழுபத்தொண்ணு. எழுபத்தெட்டுன்னு ஊர் பூரா சொல்லிட்டியே, அத யாரு திருத்துறது? நான் போன வருசந்தான் மறுபடி கல்யாணம் பண்ணியிருக்கேன்."

"நானா, அண்ணன எழந்து நிக்கிறீங்க, இந்த நேரத்துல இப்படி ஆயிடுச்சு" என்றாள் அண்ணி. அவள் குரல் சட்டென்று மெதுவாகியிருந்தது. "எம் புருசன் பண்ணின தப்புக்கு நாங்க ரெண்டு பேரும் சனிக்கிழம வந்து மண்டி போடுறோம். க்வாட்டெங் எப்படிப்பட்டவருன்னு சொல்லுங்க. ஊர் கேக்கட்டும்."

கிழவர் பேச ஆரம்பித்தார். க்வாட்டெங் குட்டிப் பையனாக மாங்காய் திருடியது, லாரி ஓட்டியது, கடைசியாக மருத்துவமனையில் கால்பந்து ஆட்டம் என்னாச்சு என்று கேட்டது. ஒரு மரண அறிவிப்பில் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. எங்கள் வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை இப்போது.

அண்ணனை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்தோம். மாறாக, ஸ்டேஷன் மேனேஜரே கடைக்கு வந்தார். காலையிலிருந்து போன் ஓயவில்லையாம், எல்லோரும் அந்தப் பொம்பளை மறுபடி எப்போது வருவாள் என்று கேட்கிறார்களாம். ஸ்டூடியோவுக்கு வாருங்கள் என்றார்.

"அங்கெல்லாம் வரமாட்டேன். நான் இங்கேயிருந்தே பேசுறேன், அவன் அங்க இருக்கட்டும்" என்றாள் அண்ணி.

இப்போது சனிக்கிழமைதோறும் இருவரும் ஊர் முழுக்கக் கேட்கச் சண்டை போடுகிறார்கள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, அண்ணன் டாக்சியை விடவில்லை. லார்ட்டே இவர்கள் படத்தைத் தன் போர்டில் போட்டுக்கொண்டார். சேர வருகிறவர்கள் கூடிவிட்டார்களாம்.

போன வாரம் முடி பின்னிக்கொள்ள வந்த ஒரு பெண், ஆபெனா என்று பெயர், கேட்டாள்: "அக்கா, நானும் அங்க சேரலாமா? பணம் வீணாப் போயிடாதே?"

அண்ணி பின்னிக்கொண்டே சொன்னாள். "எம் புருசன் அங்க போகலேன்னா மைக்கத் தொட்டிருக்கவே மாட்டான். அவனுக்கு அது தேவைதான். எனக்கு, அது எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்க ஆறு மாசம். அதையும் வீண்னு சொல்ல வாய் வரல. நீ போய் ஒரு நாள் சும்மா ஒக்காரு. ஒரு ஆளுக்கு எவ்ளோ நேரம் மைக் கிடைக்கும்னு கேளு. போன வருசம் படிச்சவங்க எங்க வேல பாக்குறாங்கன்னு கேளு. எங்க ரெண்டு பேரத் தவிர."

ஆபெனா நேற்று திரும்பி வந்தாள். முதல் கேள்விக்கு லார்ட்டே இருமினாராம். இரண்டாவது கேள்விக்குக் கட்டணத்தைக் குறைத்தாராம்.

"அப்ப வேண்டாம்னுட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, சேந்துட்டேன்."

"ஏன்டி?" என்றாள் அண்ணி.

"சும்மா நின்னு பாருன்னு அந்த மைக் முன்னாடி நிறுத்துனாரு. எங்க அம்மாவப் பத்திப் பேசினேன். பேசி முடிச்சதும் வரிசையில நின்ன ஒரு பையன் கண்ணத் தொடச்சான். அதுக்கப்புறம் எறங்கி வர மனசு வரல."

அண்ணி அவளை இழுத்து முன்னால் உட்கார வைத்தாள். "சரி, தலையக் குனி" என்று சொல்லி, சீப்பை எடுத்து வகிடு பிரிக்க ஆரம்பித்தாள்.