இன்னும் ஊறுதுப்பா

கல்லறைத் தோட்டத்துக் கழிவறையில் நின்றுகொண்டு, அந்தச் சின்ன நீல பொம்மைக் காரின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை ரட்மிலா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதிதான் வந்தது. மீதி பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. வெளியே கூடத்தில், திறந்த பெட்டிக்குள் அவளுடைய அப்பா விதோமிர் படுத்திருந்தார்.

தேசங்கா அத்தை கதவைத் தட்டினாள். “உள்ள என்னடி பண்ற? பாதிரியார் வந்தாச்சு. கோஸ்தா வேற, ‘வண்டி எங்க, வண்டி எங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“இதோ வந்துட்டேன் அத்தை.”

அப்பாவின் சிநேகிதர் கோஸ்தா கேட்காமல் இருப்பாரா? தன் ஃபிச்சா வண்டியைத் தன்னோடு வைத்து அனுப்ப வேண்டும் என்று அப்பா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். சிகரெட், மூக்குக்கண்ணாடி, சீட்டுக்கட்டு என்று ஆளாளுக்கு ஏதாவது பெட்டியில் வைக்கிற ஊர். இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தான் முதன்முதலாக வாங்கிய ஃபிச்சா காரைப் பார்த்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு வெட்டி அவரே ஒட்டிச் செய்த உள்ளங்கை அளவு வண்டி அது. போன திங்கட்கிழமை, படுக்கையில் இருந்தபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம வண்டி நீலம்தானே. எந்த மடையன் இதுக்கு வெள்ளை அடிச்சான்?”

“நீங்கதான்பா அடிச்சீங்க.”

“அப்ப இந்த வெள்ளையைச் சுத்தமா எடுத்துட்டு நீலம் அடிச்சுக் குடு. சக்கரம், கண்ணாடியெல்லாம் மொதல்ல கழட்டிடு. ஜன்னலைத் தொறந்து வை, கையுறை போட்டுக்க. இங்க இருக்கற ஸ்பிரிட்ல ஒரு நாள் ஊறட்டும். அப்புறம் பழைய பல் பிரஷ்ஷால மெதுவாத் தேய். அவசரப்படாத. இரும்பு வண்டின்னா எதையும் தாங்கும், இது பிளாஸ்டிக்.”

“அப்பா, நான் தெனமும் நூறு விரல்ல பெயின்ட் எடுக்கறவ. எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

அவள் நடத்துவது நகத்துக்குச் சாயம் பூசுகிற கடை. நகச்சாயம் எடுக்கிற அசிட்டோன் இரண்டே நிமிஷத்தில் எடுத்துவிடுவதற்கு ஒரு நாள் முழுக்க யார் காத்திருப்பது? கடையில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி வண்டியைப் போட்டாள். ஒரு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியபோது வண்டியின் கூரை உருகிக் கதவுகளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. எடுக்கப் போனால் விரலோடு இழுபட்டது, வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி.

“முடிஞ்சுதா?” என்று சாயங்காலம் அப்பா கேட்டார்.

“இன்னும் ஊறுதுப்பா.”

செவ்வாயும் அதே பதில், புதனும் அதே பதில். வியாழக்கிழமை அவர் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அவர் திட்டுக்கு அவள் எந்தக் காலத்தில் பயந்தாள்? எனக்கே சொல்லித் தர்றீங்களா என்று தான் நக்கலாகக் கேட்டதுதான் அவளைச் சொல்லவிடாமல் தடுத்தது. வெள்ளிக்கிழமை காலை பழம்பொருள் சந்தையில் இந்த இரும்பு ஃபிச்சாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் வந்தது, அப்பா போய்விட்டார் என்று. கேட்ட பிறகும் நின்று, பேசிய காசைக் கொடுத்து, வண்டியை வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

கூடத்தில் கோஸ்தா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கார் தொழிற்சாலையில் அப்பாவோடு நாற்பது வருஷம் பக்கத்து மேடையில் வேலை பார்த்தவர். இவரும் வண்டிப் பைத்தியம்தான். ரட்மிலா அவர் கையில் வைத்தாள். வைத்ததும் உள்ளங்கை ஒருமுறை இறங்கி ஏறியது. அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

“அதேதான்,” என்றார் கோஸ்தா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அப்பாவின் விரல்களைத் தூக்கி வண்டியை அடியில் வைத்தார்.

“அவளே உக்காந்து பெயின்ட் அடிச்சா தெரியுமா,” என்று அத்தை பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். “எங்க அண்ணன் குடுத்து வெச்சவன். பொண்ணுன்னா இப்படி இருக்கணும்.”

ரட்மிலா மறுக்கவில்லை. நாலைந்து பேர் வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் தலையை ஆட்டினாள்.

புதைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியதும், உள்ளே போகுமுன் எல்லோரும் கை கழுவ வாசலில் வரிசையாக நின்றார்கள். கோஸ்தா குடத்தை வாங்கிக்கொண்டு ரட்மிலாவின் கையில் ஊற்றினார்.

“மாமா, அந்த வண்டி...” என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

“தெரியும் கண்ணு. அவனுக்கும் தெரியும்.”

“யாருக்கு?”

“புதன்கிழமை நான் வந்தப்ப சொன்னான். ‘ஸ்பிரிட் பாட்டில் என் தலைமாட்டுலயேதான் இருக்கு, மூடி கூடத் தொறக்கல. வண்டி எதுல ஊறுதுன்னு நெனைக்கற?’ன்னான்.” அவர் குரல் இன்னும் தணிந்தது. “‘நான் போனப்புறம் புள்ள வேற எதையாவது கொண்டு வருவா. வாயை மூடிக்கிட்டு வாங்கி வெச்சிரு. கையில எடை போட்டுப் பாத்துத் தொலைக்காத, அவ மொகம் செத்துடும்’னான்.”

குடத்தைப் பிடித்திருந்த அவர் கையை அவள் பார்த்தாள்.

“பாத்துட்டேன்மா. பழக்கம், கை தானா போயிடுச்சு. மன்னிச்சுக்க.”

குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அத்தை துண்டை நீட்டினாள். ரட்மிலா இரண்டு கைகளையும் ஏந்தியபடியே நின்றுகொண்டிருந்தாள்.