செவ்வாய்க்கிழமை வேண்டுதல்

பூவம்மாளின் கை போய் ஐம்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அம்மையார்குப்பத்தில் விடியுமுன்பே பன்னிரண்டு விசைத்தறிகளும் ஓடத் தொடங்கிவிட்டன. காற்றுப் பட்டால் பாவு நூல் உலர்ந்து அறுமென்று அந்தக் கூடத்தில் கதவு, சன்னல் எல்லாம் மூடியே இருக்கும்.

கல்பனா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தறி பூவம்மாள் ஓட்டியது. இப்போது அன்னம்மாள் ஓட்டுகிறாள். அதன் பல்சக்கரம் கண்ணில் படும்போதெல்லாம் கல்பனாவுக்கு மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். ஓடிவிடலாமென்று கால் துடிக்கும். ஆனால் தறியை விட்டு நகர முடியாது.

பூவம்மாள் தூங்கி விழுந்துதான் சக்கரத்தில் கையைக் கொடுத்தாள் என்று முதலாளி வேதாசலம் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதனால் அவளுக்கு நஷ்டஈடும் இல்லை. நடந்ததைப் பார்த்தவள் கல்பனா ஒருத்திதான். அவள் வாய் திறக்கவில்லை.

தூக்கம் அடியோடு போனபிறகு திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனநல வெளிநோயாளிப் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆலோசகர் கவிப்பிரியா, பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு மூச்சை மெல்ல விடச் சொல்லிக்கொடுத்தாள். பார்த்ததை இப்போதே சொல்ல வேண்டாம், வாய் வரும்போது சொன்னால் போதும் என்றாள். மூன்றாம் வாரம் கல்பனா இரவு முழுக்கத் தூங்கினாள்.

தறிக்கூடத்தில், செவ்வாய்தோறும் திருத்தணி முருகன் மலைக்கு வேண்டுதல் என்று சொல்லியிருந்தாள். முருகனுக்கு வேண்டிக்கொண்டவர்களை அந்த ஊரில் எந்த முதலாளியும் தடுப்பதில்லை. ஒரு படிகூட ஏறாமல் பஸ் ஸ்டாண்டுக் கடையில் விபூதி வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுப்பாள். வேதாசலம் பக்தியோடு பூசிக்கொள்வார்.

அதே வேண்டுதலைச் சொல்லி, இன்னொரு தறி ஓட்டும் முருகவேலும் போய்வந்தார். அலறல் கேட்டு ஓடிவந்து சக்கரத்திலிருந்து பூவம்மாளின் கையை விடுவித்தவர் அவர். ஒரு செவ்வாயன்று ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரே கடையில் தனித்தனியே விபூதி வாங்கிக்கொண்டு, ஒரே பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் ஊர் திரும்பினார்கள்.

அன்று திங்கள். சரக்கு அவசரமாகப் போக வேண்டும், இனி செவ்வாயில் யாருக்கும் லீவு இல்லை என்று அறிவித்துவிட்டு, வேதாசலம் கல்பனாவைப் பார்த்தார்.

"முருகன் ஞாயித்துக்கெழமையும் மலையிலதாம்மா இருக்கான். அன்னிக்குப் போ."

யாரோ சிரித்தார்கள். கல்பனா பாதத்தைத் தரையில் அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயில் திறந்திருக்கும், ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு திறந்திருக்காது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் மறுபடியும் அந்த இரவுகள்.

"நான் மலைக்குப் போகலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன். மனசுக்கு வைத்தியம் பாத்துகினு இருக்கேன்."

வேதாசலத்தின் கை நெற்றிக்குப் போனது. "அப்போ இத்தினி நாளா நான் பூசினது இன்னா?"

"பஸ் ஸ்டாண்டு விபூதிங்க," என்றார் முருகவேல். "நான் குடுத்ததும் அதான். நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்." தன் தறியை நிறுத்தினார்.

"பைத்தியத்துக்கெல்லாம் இங்க வேலை கெடையாது. ரெண்டு பேரும் கெளம்புங்க."

அன்னம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்து கல்பனாவின் பக்கத்தில் நின்றாள். "அந்தத் தறியில தெனம் நிக்கறவ நானு. எனக்குந்தான் ராத்திரில தூக்கம் இல்ல. நாளைக்கு இவங்களோட நானும் போறேன்."

ஒவ்வொன்றாக மற்றத் தறிகளும் நின்றன. பள்ளிப்பட்டிலிருந்து வேறு ஆள் கொண்டுவருவதாக வேதாசலம் மிரட்டினார். யாரும் நகரவில்லை. யாரோ கதவைத் திறந்தார்கள். தெருவில் பால் வண்டி போகும் சத்தம் கூடத்துக்குள் கேட்டது.

கல்பனா மூச்சை மெல்ல விட்டாள்.

"பூவக்கா தூங்கலைங்க. ஓடற தறிக்கு எண்ணெய் ஊத்தச் சொன்னது நீங்க. நிறுத்திட்டு ஊத்தறேன்னு அக்கா கேட்டாங்க. நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."