கெண்டைக்கால்

என் கணவர் தஸ்தகீரும் என் அண்ணன் காஜா மைதீனும் மூன்று வருடமாகப் பேசவில்லை. காரணம் பிரியாணி. அமெரிக்காவில், இர்விங்கில் எங்கள் வீட்டு விருந்தில், நாற்பது பேர் முன்னால், என் கணவர் ஆக்கியதைச் சாப்பிட்டுவிட்டு அண்ணன், "தக்காளி சாதம் நல்லா இருக்கு" என்றார். மற்றவர்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு மகள் ஷஹீமாவுக்கு நிக்காஹ். "உன் அண்ணன் வந்தா நான் வரமாட்டேன்" என்றார் பெண்ணைப் பெற்றவர். தாய்மாமன் இல்லாமல் என் மகள் கல்யாணமா?

பக்கத்து வீட்டு எலாடியோ பனாமாக்காரர், ஙாபே பழங்குடி. சொந்தக்காரர்களைக் கூட்டி, சனிக்கிழமை பார்க்கில் தங்கள் ஊர்த் திருவிழாவை நடத்தப்போவதாகச் சொன்னார். ஒருவர் முதுகைக் காட்டி ஆட வேண்டும். எதிராளி அவர் கெண்டைக்காலைக் குறிபார்த்துக் கம்பை எறிவார். நான்கு எறி முடிந்தால் ஆள் மாற வேண்டும். பால்சா கம்பு, முருங்கைக் கட்டைபோல லேசு, ஆனால் வலிக்கும். ஆடி முடித்தவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள் என்றார்.

உடனே ஹூஸ்டனில் இருக்கும் அண்ணனுக்கு போன் செய்து, சனிக்கிழமை பார்க்கில் பிக்னிக் என்று சொன்னேன். கணவரிடமும் அதையே சொன்னேன். பொய்தான். அல்லாஹ் மன்னிப்பான்.

சனிக்கிழமை இருவரும் வந்து சேர்ந்தார்கள். பனாமாவில் ஆடுகிறவர்கள் முதுகில் பாடம் பண்ணிய காட்டு விலங்கைக் கட்டிக்கொள்வார்களாம். எலாடியோ தன் மகளின் கரடி பொம்மையைக் கட்டியிருந்தார். உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். என் கணவரும் அண்ணனும் ஐந்தடி ஐந்து. நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் முதுகைக் காட்டினார். ஆடவில்லை, சும்மா நின்றார். என் கணவர் எறிந்த முதல் கம்பு கெண்டைக்காலில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவதும் பட்டது. அப்போதும் அவர் நகரவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதர் காலைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாவது கம்பை ஓங்கிய என் கணவர் கையை இறக்கினார்.

"கால ஆட்டுங்க மச்சான். சும்மா நிக்கிறவர எப்படி அடிக்கிறது?"

"எனக்கு ஆட வராது மாப்ள. அடிச்சு முடிங்க."

"போதும் மச்சான்."

"அப்ப என் டர்ன்" என்று அண்ணன் திரும்பிக் கம்பை எடுத்தார்.

என் கணவர் ஆடினார். அவர் ஆடி நான் பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம். அண்ணன் நான்கையும் எறிந்தார். நான்கும் பட்டன.

ஞாயிறன்று மண்டப வாசலில் இருவரும் சேர்ந்து நின்று விருந்தினர்களை வரவேற்றார்கள். இருவரும் நொண்டினார்கள். பிரியாணியை நான் கேட்டரிங்கில் சொல்லிவிட்டேன்.