அஞ்சலாட்சியின் பத்து

1.

ஒளிப்பானேன், இந்தக் கதையை நான் எடுத்தது பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியின் இடுப்பிலிருந்து. வருஷக்கணக்காக அங்கே வலி. கருவடிக்குப்பத்துப் பிசியோதெரபி கிளினிக்குக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். (‘துணைக்காம்!’ என்று இந்த இடத்தில் அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பிள்ளைச்சாவடிக் கடலில் சூரியன் செக்கச்செவேலென்று எழுந்த அந்த...’

வேண்டாம். அந்நேரத்துக்கு நான் எழுந்ததே இல்லை.

2.

அஞ்சலாட்சி மார்க்கெட்டில் மீன் விற்பவள். முதுகு மடங்கியதிலிருந்து அவள் இடத்தில் நாத்தனார் சாந்தி உட்கார்ந்திருக்கிறாள்.

“தடைக்காலம் முடிஞ்சி மொத மீன் வர்ற அன்னிக்கு நீயே கூடையத் தூக்கினு வா அண்ணி, எழுந்துக்கிறேன். இல்லன்னா எடம் எனக்கு.”

(சாந்தியை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். எனக்கு வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்துத் தருகிறவள். ஆக்கவில்லை.)

3.

பிசியோதெரபிஸ்ட் பிரேம்குமார். கல்யாணம் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன்.

“வலி எவ்ளோன்னு கேக்கலக்கா. எவ்ளோ செரமப்பட்டுச் செய்றீங்கன்னு கேக்குறேன். சும்மா உக்காந்திருந்தா சைபர். இதுக்கு மேல முடியவே முடியாதுன்னா பத்து. நீங்க அஞ்சு, ஆறுல நிக்கணும். அதுக்குக் கம்மின்னா முதுகு பலமாகாது.”

எடையைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும்.

“எவ்ளோக்கா?”

“பத்து!”

பதறிப்போய் எடையைக் குறைத்தான். அடுத்த தடவையும் பத்து. மறுபடி குறைத்தான். கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஒரு தண்ணி பாட்டில். அவள் சுருக்குப்பையே அதைவிடக் கனம். ஆனாலும் பத்து. பத்து என்று சொல்லிக்கொண்டே எதிர்வீட்டு நிச்சயதார்த்தம் நின்றுபோன கதையை மூச்சு வாங்காமல் எனக்குச் சொன்னாள்.

4.

(இங்கே பிரேம்குமாரின் மனக்கலக்கம் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.)

ஆட்டோவில் கேட்டேன்.

“ஏண்டி, நெசமாவே பத்தா?”

“பைத்தியமா ஒனக்கு? ரெண்டுதான்.”

“பின்ன ஏன் பத்துன்ன?”

“எடுத்ததுமே ரெண்டுன்னா அதுலயும் கொறச்சிக் கேப்பான். பத்துன்னு ஆரம்பிச்சி ஆறுல முடிக்கலாம்னு பாத்தேன். அந்தப் புள்ள பேரமே பேச மாட்டேங்குதே!”*

* மார்க்கெட்டில் முதல் விலையை நம்புகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். பிரேம்குமார் உள்ளூர்தான். அவன் வீட்டில் மீன் வாங்குவது யார் என்று விசாரிக்க வேண்டும்.

5.

விஷயத்தை அவனிடம் போட்டு உடைத்தேன். (வேறு யார் உடைப்பார்கள்?) தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

“நம்பரே வேணாம்க்கா. இவங்ககூடப் பேசினே செய்ங்க. கதையளக்க முடிஞ்சா அது லேசு. ரெண்டு ரெண்டு வார்த்தையா வந்தா சரியான அளவு. பேச்சே வரலன்னா நிறுத்திடுங்க.”

இவங்க என்றால் நான்! இத்தனை காலம் வம்பு வம்பு என்று என்னைத் திட்டிய தெரு, இப்போது வந்து பார்க்கட்டும். நான் ஒரு மருத்துவக் கருவி.

எடை ஏறியது. ஏற ஏற, என் கதைகளுக்கு அவள் பதில் சுருங்கியது. சாந்தியைப் பற்றியே எடுத்துவிட்டாலும், “ம்... அப்புறம்?” அவ்வளவுதான். அவளுக்குப் பலம், எனக்கு அவமானம்.

6.

தடைக்காலம் முடிந்து முதல் மீன் வந்துவிட்டது. அஞ்சலாட்சி வீட்டு வாசலில் கூடை நிறைய சங்கரா. பக்கத்தில் சாந்தி, கையைக் கட்டிக்கொண்டு.

முடிவு ஒன்று: அவள் குனிந்தாள், முதுகு பிடித்து... சீ, எழுத மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: தூக்கினாள், தெருவே கை தட்டியது. எங்கள் தெருவா? கை தட்டுமா?

நடந்தது இது. முட்டியை மடக்கி, கூடையை உடம்போடு அணைத்து, எழுந்து நின்றாள்.

“எவ்ளோடி?” என்றேன்.

“பத்து!”

விலை சொல்லும் பத்தா, நிஜமான பத்தா? நிஜமான பத்தென்றால் மார்க்கெட் வரை தாங்காது. சாந்தி எழுந்துகொள்ள வேண்டுமா என்பது அதில்தான் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேரம் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் காதில் போட்டுவைக்கிறேன். பத்து என்ற அதே மூச்சில், கூடையை இறக்காமலே, சாந்தி கட்டியிருந்த புடவை எந்தக் கடையில் எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது, ஏன் எடுத்துக் கொடுத்தான் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.