ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசவும்

கணவர் ஹார்லன் பேசுவதை நடீன் எப்போதும் இரண்டு முறை கேட்பாள். வியாழக்கிழமை பிற்பகல்களில் அவர் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வானொலி நிகழ்ச்சிக்கு போன் போட்டுப் பேசுவார். முதலில் சுவர் வழியாக முழக்கம் வரும். யாராவது வாய்தவறிக் கெட்ட வார்த்தை சொன்னால் வெட்டுவதற்காக நிலையத்தார் சில விநாடி பிந்தியே ஒலிபரப்புவார்கள். அதனால் அதே முழக்கம் சற்றுப் பொறுத்து அடுக்களை ரேடியோவிலிருந்தும் வரும். சுவர் சொன்ன வேடிக்கைக்கு ரேடியோ சொல்லும்போதுதான் அவள் சிரிப்பாள்.

இண்டியானாவிலிருந்து பேசும் ஆர்வில்தான் அவருடைய எதிராளி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் எந்த லீக், தொழில்முறை ஆட்டத்துக்குப் பெரிய நட்சத்திரங்களைத் தருகிறது? கரோலினாவின் ஏ.சி.சி.யா, இண்டியானாவின் பிக் டென்னா? வருடக்கணக்காக இந்த ஒரே வழக்குதான், தீர்ப்பில்லாமல்.

ஏப்ரலில் ஹார்லன் இறந்தார். சர்ச் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களையெல்லாம் கழுவித் திருப்பிக் கொடுத்தபின், அந்த வீட்டில் பேசுவதற்கு ரேடியோ மட்டுமே மிஞ்சியது. நடீன் அதை அணைப்பதே இல்லை.

கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் ஜூனில் நடந்தது. அந்த முறை பிக் டென் பையன்கள் அதிகம் போனார்கள். அடுத்த வியாழக்கிழமை, நடீன் தனக்கு மட்டும் ஒரு தக்காளி சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஆர்வில் வந்தான்.

“எங்கய்யா அந்தக் கரோலினா ஆளு? கொஞ்ச நாளா சத்தத்தையே காணோம். டிராஃப்டப் பாத்துட்டு வாலச் சுருட்டிக்கிட்டு கட்டிலுக்கு அடியில பூந்துட்டானா?”

நிகழ்ச்சி நடத்தும் டக்கர் சிரித்தான். “அப்ப ஹார்லன் தோல்விய ஒத்துக்கிட்டாருன்னு வச்சுக்கலாமா?”

“வச்சுக்கலாம். மௌனம் சம்மதம்தானே?”

நடீன் கத்தியைக் கீழே வைத்தாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதானால், ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நிகழ்ச்சி ஒன்றில்தான் ஹார்லன் இன்னும் சாகாமல் இருந்தார்.

போனை எடுத்தாள்.

“மொதல்ல ரேடியோவ அணைச்சிருங்க மேடம்,” என்றாள் நிலையத்துப் பெண். “இல்லன்னா உங்க குரலே குறுக்க வந்து குழப்பும்.”

அணைத்தாள். ஃபிரிட்ஜின் முனகல் கேட்டது. அது இத்தனை நாளும் முனகிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

“நான் ஹார்லனோட மனைவி.”

“அடடே!” என்றான் டக்கர். “ஆர்வில் லைன்லதான் இருக்காரு. நீங்களே பேசுங்க.”

“ஆர்வில், புகையிலை நாத்து எத்தன நட்டேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஏலத்துக்கு எத்தன வந்துச்சுன்னுதான் கேப்பாங்க. டிராஃப்ட்ல போனது வெறும் நாத்து. பத்து வருஷம் கழிச்சும் எவன் ஆடிக்கிட்டிருக்கானோ, அவன்தான் நட்சத்திரம்.”

அது ஹார்லனின் வாதம். அவர் மூச்சு விடும் இடத்தில் தானும் மூச்சு விட்டதை அவள் கவனித்தாள்.

“பத்து வருஷம் ஆடாம பெஞ்சத் தேய்ச்சவன் நட்சத்திரம்னா, அந்தப் பெஞ்சு என்னம்மா, சூரியனா?” என்றான் ஆர்வில்.

“உங்க பசங்க நெட்டையா இருக்காங்க, அவ்வளவுதான். உங்க ஊர்ச் சோளமும்தான் நெட்டையா வளருது. அதையும் டிராஃப்டுக்கு அனுப்புங்களேன்.”

டக்கர் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

“இது அவன் பேச்சேதான்!” என்று குதூகலித்தான் ஆர்வில். “பக்கத்துல நின்னு கிசுகிசுக்கிறான் பாருங்க. பொண்டாட்டி முதுகுல ஒளியாத, வெளிய வாடா! போன அவன்கிட்ட குடுங்கம்மா!”

முன்னறைக் கதவு திறந்தே கிடந்தது. இப்போது அதைச் சாத்துவதற்கு யாருமில்லை.

“ஏப்ரல்ல இறந்துட்டாரு, ஆர்வில். ஓடிப்போகல. ஒத்துக்கவும் இல்ல.”

அதற்கு வரும் பதிலைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. போனை வைத்துவிட்டு, கை பழகிய வேகத்தில் ரேடியோவைத் திருகினாள்.

“...போன அவன்கிட்ட குடுங்கம்மா!” என்றது ரேடியோ.

பிறகு வயதான ஒரு பெண்ணின் குரல், எங்கோ யார் வீட்டிலிருந்தோ பேசுவதுபோல: “ஏப்ரல்ல இறந்துட்டாரு, ஆர்வில்.”

நடீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இறந்ததை மருத்துவர் சொன்னபோதும் பாதிரியார் சொன்னபோதும் வெறுமனே தலையாட்டியவள்தான் அவள்.

“அம்மா?” ஆர்விலின் குரலில் கேலி போயிருந்தது. “லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள் ரேடியோவிடம்.

“நான் இப்பவும் ஒத்துக்கல. சும்மா ஒத்துக்கிட்டா அவனுக்குப் பிடிக்காது. அந்த நாத்துக் கணக்குக்கு எங்கிட்ட பதில் இருக்கு. கேக்குதாம்மா?”

“கேக்குது. சொல்லுங்க.”

“லைன் போயிருச்சு போல,” என்றான் டக்கர் மெதுவாக. டிராக்டர் டயர் விளம்பரம் தொடங்கியது.

“சொல்லுங்க,” என்றாள் நடீன்.